பிரமிடிங்: கைக்கு வராத லாபத்தின் மேல் அடுக்குவது

பங்கு வர்த்தகத்திலும், பின்னொரு தேதியில் வாங்க அல்லது விற்க இப்போதே விலை பேசிக்கொள்ளும் பியூச்சர்ஸ் வர்த்தகத்திலும் அடிக்கடி காதில் விழும் சொல் பிரமிடிங். வாங்கியது விலை ஏறுகிறது, கணக்கில் லாபம் காட்டுகிறது. அதை விற்றுக் காசாக்காமல், அந்த லாபத்தையே மார்ஜினாக, அதாவது முழு விலைக்குப் பதில் தரகரிடம் பிணையாகக் கட்டும் தொகையாக வைத்து அதே பொருளை மேலும் வாங்குவதுதான் பிரமிடிங். கையிலிருந்து புதுப்பணம் எதுவும் போடுவதில்லை. பியூச்சர்ஸில் ஒவ்வொரு நாளும் அன்றைய விலைப்படி கணக்கைச் சரிக்கட்டி லாபத்தை வரவு வைத்துவிடுவதால் இது ரொம்பவே எளிது.

சரி, ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்களிடம் 1,000 இருக்கிறது, மார்ஜின் 10 சதவீதம், விலை 100. அப்படியானால் 100 யூனிட் வாங்கலாம். விலை 110 ஆனதும் லாபம் 1,000, ஆகக் கணக்கில் 2,000. இப்போது ஒரு யூனிட்டுக்கு மார்ஜின் 11 என்பதால் மொத்தம் 181 யூனிட் வைத்திருக்கலாம், 81 யூனிட்டைக் கூடுதலாக வாங்குகிறீர்கள். அப்புறம் விலை தொடங்கிய இடத்துக்கே, 100-க்கே, திரும்பிவிடுகிறது. எதுவும் சேர்க்காமல் சும்மா இருந்தவரிடம் அவருடைய 1,000 அப்படியே இருக்கும். உங்களிடம் மிஞ்சுவது 190. விலை 99-க்குக் கொஞ்சம் கீழே போனால் அதுவும் இல்லை; சும்மா இருந்தவருடைய பணம் முழுக்கப் போக விலை 90 வரை இறங்க வேண்டும். அதற்கு முன்பே மார்ஜின் கால், அதாவது கூடுதல் பிணை கட்டச் சொல்லும் அழைப்பு வந்து, கட்டாவிட்டால் தரகர் விற்றுவிடுவார் என்பது வேறு விஷயம். சராசரி வாங்கிய விலை மேலே ஏறிவிடுவதுதான் இதற்கெல்லாம் காரணம், திரையில் பச்சை நிறம் தெரியும்போது இது பலர் கண்ணில் படுவதில்லை.

சொல்லின் மூலம் கிரேக்கத்தின் பிரமிஸ், லத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது. கீழே அகலமாகவும் மேலே போகப்போகக் குறுகியும் இருக்கும் வடிவம் என்பதால், முதலில் பெரிதாக வாங்கி அடுத்தடுத்துக் குறைவாகச் சேர்ப்பதற்குத்தான் இந்தப் பெயர் சரியாகப் பொருந்தும். ஒவ்வொரு முறையும் முன்பைவிட அதிகம் சேர்ப்பவர் பிரமிடைத் தலைகீழாக நிறுத்துகிறார், அதற்குத் தலைகீழ் பிரமிடு என்றே பெயர். ஆள் சேர்க்கும் பிரமிடு மோசடிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. விலை இறங்க இறங்க வாங்கும் ஆவரேஜிங் இதற்கு நேர் எதிரானது.

இதன் விளைவு எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதற்கு 2021 மார்ச்சில் சரிந்த ஆர்க்கிகோஸ் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் சாட்சி. பில் ஹுவாங் நடத்திய அந்த நிறுவனம் ஏறிய பங்குகளின் மதிப்பில் கிடைத்த மார்ஜினை வைத்து, பங்கை நேரடியாக வாங்காமல் அதன் லாப நஷ்டத்தை மட்டும் வங்கியோடு ஒப்பந்தம் செய்துகொள்ளும் ஸ்வாப்கள் வழியாக அதே சில பங்குகளில் மேலும் மேலும் சேர்த்துக்கொண்டே போனது. அது வாங்குவதாலேயே விலை ஏறியது, விலை ஏறியதால் மேலும் வாங்க முடிந்தது. விலை திரும்பியதும் சில நாட்களில் எல்லாம் முடிந்தது. கிரெடிட் சுவிஸ் வங்கிக்கு மட்டும் சுமார் 550 கோடி டாலர் நஷ்டம்.

தமிழில் என்ன சொல்லலாம்? வடிவியலில் பிரமிடுக்குக் கூம்பகம் என்ற சொல் இருக்கிறது, கூம்பக வர்த்தகம் என்று பெயர்க்கலாம்தான். ஆனால் அது வடிவத்தை மட்டும் சொல்கிறது, எதன் மேல் அடுக்குகிறோம் என்பதை விட்டுவிடுகிறது. மார்ஜினை விளிம்பு என்று பெயர்ப்பதும் இந்த இடத்தில் தவறு, இங்கே அது பிணையாக வைக்கும் தொகை. ஈடு என்றும் சொல்லலாம், ஆனால் லாப ஈட்டு என்று சேர்த்தால் லாபம் ஈட்டுவது போல ஒலித்துக் குழப்பும். அதனால் லாபப்பிணை அடுக்கல் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது: 'அவர் லாபப்பிணையில் அடுக்கி வாங்கியிருக்கிறார்' என்றால் கேட்பவருக்கு விளக்கம் தேவைப்படாது. பேச்சில் பிரமிடிங் என்றே சொல்லிக்கொள்ளுங்கள், எழுதும்போது இதைப் பயன்படுத்திப் பாருங்கள்.