‘ஹோப்’: நம்பிக்கையா, எதிர்நோக்கா, ஆவலா?

“நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.” மின்னஞ்சலைத் திறந்தால் முதல் வரி இதுதான். இதில் நம்புவதற்கு என்ன இருக்கிறது? நலமா இல்லையா என்று தெரியாததால்தானே கேட்கிறோம்? அஞ்சலட்டைக் காலத்தில் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று எழுதினார்கள். ஆங்கிலத்து ‘ஹோப்’ செய்யும் வேலையை அந்த ‘ஆவல்’ ஓசையில்லாமல் செய்தது.

‘நம்பு’ பழைய சொல். ‘நம்பும் மேவும் நசையாகும்மே’ என்கிறது தொல்காப்பிய உரியியல். நசை என்றால் விருப்பம். ஆக, ஒரு காலத்தில் நம்புதல் என்பதே விரும்புதல்தான். 1263ஆம் குறளில் தலைவி ‘வரல்நசைஇ இன்னும் உளேன்’ என்கிறாள். போனவன் வருவான் என்ற உறுதி அவளிடம் இல்லை, வரவேண்டும் என்ற ஆசைதான் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. பிறகு சொல்லின் பொருள் நகர்ந்துவிட்டது. நம்பிக்கையான ஆள், நம்பிக்கைத் துரோகம், நம்பிக்கையில்லாத் தீர்மானம்: இவை எதிலும் விருப்பம் இல்லை, உறுதிதான் இருக்கிறது. அதனால்தான் மருத்துவர் “தேறிவிடுவார் என்று நம்புகிறோம்” என்றால் வெளியே நிற்கும் சொந்தக்காரர்கள் அதை வாக்குறுதியாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வந்ததாகச் சொல்லப்படும் சொல் ‘எதிர்நோக்கு’. கிறித்தவத் திருத்தூதர் பவுல் சொன்ன மூன்றும் (ஆங்கிலத்தில் ‘ஃபெய்த், ஹோப், லவ்’) பழைய தமிழ் விவிலியத்தில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் அவை நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. ‘விசுவாசம்’ வடமொழி என்று வெளியே போனது. அதன் நாற்காலியில் ‘நம்பிக்கை’ உட்கார்ந்ததும் இடம் இழந்த ‘ஹோப்’புக்கு வேறொரு சொல் தேட வேண்டியதாயிற்று. கத்தோலிக்கத் திருச்சபையின் 2025 யூபிலி ஆண்டில் ‘எதிர்நோக்கின் திருப்பயணிகள்’ என்று திரும்பத் திரும்பக் கேட்டாயிற்று. தனித்தமிழ் எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு வடசொல்லை நீக்கப்போய் இரண்டு சொற்களின் பொருளைக் கலைத்ததை எப்படிப் பாராட்டுவது?

‘எதிர்நோக்கு’ ஆளில்லாமல் கிடந்த சொல்லும் அல்ல. ‘மக்கள் எதிர்நோக்கும் பிரச்சினைகள்’ என்று செய்தித்தாள்கள், குறிப்பாக இலங்கை ஏடுகள், நாள்தோறும் எழுதுகின்றன. அங்கே அதன் பொருள் முகங்கொடுத்தல். புயலையும் எதிர்நோக்கலாம், வழக்கையும் எதிர்நோக்கலாம். விருப்பம் என்ற உயிர்நாடி அதில் இல்லவே இல்லை. எதிர்ச்சொல்லுக்கு ‘எதிர்நோக்கின்மை’ என்று போட்டுப் பாருங்கள், முன்யோசனை இல்லாதவன் என்பதுபோல் ஒலிக்கும். ‘நிராசை’ என்ற பழகிய சொல் இருக்கிறது, ஆனால் அது வடமொழி என்பார்கள்!

பேச்சுத் தமிழைக் கேட்டிருந்தால் இத்தனை சிக்கல் இல்லை. நடக்காது என்று பாதி தெரிந்தும் விடாத ஆசைக்கு ‘நப்பாசை’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். முடிவு வெளியாகும் நாள் தெரிந்திருந்தால் ‘எதிர்பார்ப்பு’. மனம் மட்டும் தாவுகிறது என்றால் ‘ஆவல்’. ஆள்மீதோ கடவுள்மீதோ சாய்ந்து நிற்பது ‘நம்பிக்கை’.

எந்தச் சொல்லைப் போட்டோம் என்பதை வைத்தே பின்னால் வரும் வருத்தமும் மாறும். நம்பிக்கை பொய்த்தால் யாரோ துரோகம் செய்துவிட்டார்கள் என்று கோபம் வரும். எதிர்பார்ப்பு பொய்த்தால் மிஞ்சுவது ஏமாற்றம். மாறு, மாற்றம் ஆவதுபோல ஏமாறு, ஏமாற்றம் ஆகிறது. அதாவது இது ஏமாந்தவரின் சொல். பிறரை ஏமாற்றுவது ‘ஏமாற்று’, ‘ஏமாற்று வேலை’. இலவங்காய் பழுக்கும் என்று காத்திருந்த கிளிக்கு, காய் வெடித்துப் பஞ்சு பறந்தபோது கிடைத்தது ஏமாற்றம். இலவமரம் ஏமாற்று வேலை எதுவும் செய்யவில்லை. இதை மறந்துவிட்டு ‘அணியின் ஏமாற்றம்’ என்று தலைப்புப் போடுகிறார்கள். ஏமாந்தது அணியா, ரசிகர்களா என்று செய்தி முழுவதையும் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

வசனம் மொழிபெயர்ப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ‘ஐ ஹோப் சோ’ வந்தவுடன் ‘அப்படித்தான் நம்புகிறேன்’ என்று தட்டாதீர்கள். வீட்டில் அந்த இடத்தில் “பார்ப்போம்” என்போம், இல்லாவிட்டால் “நடந்தா நல்லதுதான்” என்போம்.