ஈஸ்ட் பிழைத்துவிட்டது, சரி. ஒப்பிட்டுப் பார்க்க கன்ட்ரோல் பிளேட் எங்கே?

மதிப்பீட்டுக்கு மறுபடியும் அதே மாதிரி ஓர் ஆய்வேடு. ஈஸ்ட்டின் ஒரு மரபணுவை நீக்கிவிட்டு மனித மரபணுவைக் கொடுத்திருக்கிறார்கள், செல்கள் வளர்ந்திருக்கின்றன. அடுத்த வரியிலேயே தீர்ப்பு: இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன, நூறு கோடி ஆண்டுகளாக எதுவும் மாறவில்லை. மனித மரபணு இல்லாத வெற்று வெக்டர் (மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் டிஎன்ஏ) போட்ட பிளேட்கூடப் படத்தில் இல்லை. தனித்தனியாகக் குறிப்பு எழுதி எழுதி அலுத்துவிட்டது. அதனால் பொதுவில் எழுதுகிறேன்.

இந்தச் சோதனைமுறை மிக நல்லது. 1987-இல் மெலனி லீயும் பால் நர்ஸும் செல் பிரிவை இயக்கும் சிடிசி2 மரபணு பழுதான பிளவு ஈஸ்ட்டுக்குள் (இரண்டாகப் பிளந்து பெருகும் ஈஸ்ட் இனம்) மனித மரபணுக்களின் நகல்களைத் திரட்டிய தொகுப்பைச் செலுத்தி, பிழைத்த செல்லிலிருந்து அதன் மனித இணையைக் கண்டெடுத்தார்கள். செல் பிரிவை நடத்தும் அடிப்படை அமைப்பு ஈஸ்ட்டுக்கும் நமக்கும் பொது என்று அப்போதுதான் உறுதியாகத் தெரிந்தது.

ஆனால், ஒன்றின் இடத்தில் இன்னொன்று நிற்க முடியும் என்பதும் இரண்டும் ஒன்றே என்பதும் வேறு வேறு. ஒரு புரதத்துக்கு ஐந்து வேலை இருக்கலாம். 30 டிகிரியில், சத்துள்ள ஊடகத்தில் செல் உயிரோடு இருக்க அதில் ஒன்று போதும். வந்த புரதம் அந்த ஒன்றைச் செய்தாலே பிளேட் நிறைந்துவிடும். மற்ற நான்கைப் பற்றி அந்தச் சோதனை எதுவும் சொல்லவில்லை. போதாததற்கு, பல நகல் பிளாஸ்மிட்டில் (செல்லுக்குள் பல பிரதிகளாக இருக்கும் வட்ட டிஎன்ஏ) வலுவான புரொமோட்டர் (மரபணுவை இயக்கும் டிஎன்ஏ பகுதி) வைத்துப் புரதத்தைக் கொட்டுகிறீர்கள். அந்த அளவில், தூரத்து உறவான ஒரு கைனேஸ் நொதியின் அரைகுறைச் செயல்பாடுகூடச் செல்லைக் காப்பாற்றிவிடும்.

1995-இல் பாசலில் வால்டர் கேரிங்கின் ஆய்வகம் கண் உருவாக்கத்தைத் தொடங்கிவைக்கும் எலியின் பாக்ஸ்6 மரபணுவைப் பழ ஈயில் தவறான இடங்களில் இயக்கியது. கண் முளைத்தது. எலிக் கண் இல்லை, ஈயின் கூட்டுக்கண்! எலி மரபணு தொடக்க ஆணையை மட்டும் கொடுத்தது, கண்ணைக் கட்டியது ஈயின் சொந்த மரபணுக்கள். எலிக் கண் முளைத்ததாக இன்றும் வகுப்பில் கேட்கிறேன். தயவுசெய்து நிறுத்துங்கள்.

தோல்வியையும் இப்படித்தான் தவறாகப் படிக்கிறார்கள். செல் வளரவில்லை என்றால் பணி மாறிவிட்டது என்று அர்த்தமில்லை. புரதம் உருவாகாமலே போயிருக்கலாம், அல்லது ஈஸ்ட்டின் கூட்டாளிப் புரதங்களோடு பொருந்தாமல் இருக்கலாம். 2015-இல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகக் குழு, ஈஸ்ட் உயிர்வாழத் தேவையான 414 மரபணுக்களுக்கு மனித இணைகளைப் போட்டுப் பார்த்தது. ஏறக்குறைய பாதி வேலை செய்தன. ஸ்டெரால் (கொலஸ்டிரால் வகைக் கொழுப்பு) தயாரிப்புப் பாதையில் அநேகமாக எல்லாமே மாற்றத்தக்கவை. வேண்டாத புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோமில் ஆல்ஃபா உறுப்புகள் பெரும்பாலும் பொருந்தின, பீட்டா உறுப்புகளில் பல பொருந்தவில்லை. அந்த பீட்டாக்கள் மனிதரிடம் வேறு வேலை பார்க்கின்றன என்று யாராவது சொல்வார்களா?

இனி செய்ய வேண்டியவை. வெற்று வெக்டர் கட்டாயம். ஈஸ்ட்டின் சொந்த மரபணுவையும் அதே புரொமோட்டரில் வையுங்கள். செயலிழந்த பிறழ்வு வடிவம் ஒன்றும் வேண்டும். ஒற்றை நகல் பிளாஸ்மிட்டில் ஒரு தடவையாவது செய்யுங்கள். வளரவில்லை என்றால் புரதம் உருவானதா என்று காட்டும் வெஸ்டர்ன் பிளாட் முதலில், பிறகு முடிவு. ஈஸ்ட் மரபணுவைச் சுமந்த பழைய பிளாஸ்மிட்டை இழந்த செல்களை மட்டும் வளரவிடும் 5-எஃப்ஓஏ பிளேட்டில் வளர்ந்த காலனியை அப்படியே நம்ப வேண்டாம். அந்தப் பிளாஸ்மிட்டில் உள்ள, 5-எஃப்ஓஏவை நஞ்சாக்கும் யுஆர்ஏ3 மரபணு மட்டும் பிறழ்ந்து, பழைய பிளாஸ்மிட் உள்ளேயே உட்கார்ந்திருக்கலாம், பிசிஆர் செய்து பாருங்கள். மனித மரபணு உள்ள புதிய பிளாஸ்மிட்டை வெளியேற்றிய பின்னும் செல் வளர்ந்தால், காப்பாற்றியது உங்கள் மரபணு இல்லை, எங்கோ நேர்ந்து, நீக்கிய மரபணுவின் குறையை ஈடுகட்டும் சப்ரெஸர் பிறழ்வு.

நோயாளிகளின் மரபணு வேறுபாடுகளை ஈஸ்ட்டில் சோதிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பழுதானால் ஹோமோசிஸ்டினூரியா என்ற பரம்பரை நோயைத் தரும் சிபிஎஸ் மரபணுவின் மனித வடிவம் ஈஸ்ட்டில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அதன் பழுதான வடிவங்களில் சில, வைட்டமின் பி6 தாராளமாகக் கிடைத்தால் தேறிவிடும். வழக்கமான ஈஸ்ட் ஊடகத்திலேயே பி6 இருக்கிறது. பி6 அளவைக் குறைத்தும், புரத அளவைக் குறைத்தும் சோதிக்காமல் ‘தீங்கற்றது’ என்று அறிக்கையில் எழுதாதீர்கள். அதைப் படித்து ஒரு குழந்தையின் சிகிச்சையை யாரோ தள்ளிப்போடக்கூடும்.