நோட்டுப்புத்தகத்தின் சர்வர் வீட்டு அலமாரியில்

ரிமார்க்கபிள் 2, நார்வேயில் உருவான எழுதுபலகை. 10.3 அங்குல இ-இங்க் (காகிதம் போலத் தெரியும்) திரை, 1872 × 1404 புள்ளிகள், உள்ளே ஓடுவது லினக்ஸ் இயங்குதளம். பேனாவால் எழுதிய பக்கம் வைஃபை வழியே நிறுவனத்தின் சர்வருக்குப் போகும்; அங்கிருந்து கணினிக்கும் செல்பேசிக்கும் வரும். நடுவில் இருக்கும் அந்த சர்வரைக் கழற்றிவிட்டு, வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினியை அதன் இடத்தில் உட்கார வைக்கலாம். அதற்கான திறமூல மென்பொருளின் பெயர் ஆர்எம்ஃபேக்கிளவுட். பெயருக்கேற்ப, நிறுவனத்தின் கிளவுட் போலவே பேசிப் பலகையை நம்ப வைக்கும்.

முதலில் பலகைக்குள் நுழைய வேண்டும். இதற்கு எந்தப் பூட்டையும் உடைக்க வேண்டியதில்லை. ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தின் மூன்றாம் பதிப்பில் வந்த மென்பொருள் உள்ளே இருப்பதால், அதை மாற்றி நிறுவும் வழியையும் வாங்கியவருக்குத் தந்தாக வேண்டும். அதனால்தான் அமைப்புகளில், உரிமங்கள் பக்கத்திலேயே ரூட் (முழு அதிகாரமுள்ள பயனர்) பாஸ்வேர்டு அச்சாகியிருக்கிறது. யூஎஸ்பி கேபிளைச் செருகினால் பலகையின் முகவரி 10.11.99.1. இன்னொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் எஸ்எஸ்எச் வழியே ரூட் பெயரில் நுழையலாம். பழைய மென்பொருள் உள்ள பலகை, தன் அடையாளமாக, இன்றைய கணினிகள் மறுக்கும் பழைய ஆர்எஸ்ஏ வகைச் சாவியைக் காட்டும். அப்போது இணைப்பு உடனே அறுந்துவிடும். அந்த ஒரு முகவரிக்கு மட்டும் பழைய சாவி வகையை அனுமதித்தால் போதும்.

உள்ளே ஃபோல்டர்களைத் தேடினால் கிடைக்காது. எல்லா நோட்டுகளும் ஒரே இடத்தில், 32 இலக்க அடையாள எண்ணையே பெயராகக் கொண்டு குவிந்து கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் சின்னதாக ஒரு விவரக் கோப்பு: திரையில் தெரியும் பெயர் என்ன, இதன் தாய் யார் (எந்த ஃபோல்டருக்குள் இருக்கிறது), வகை என்ன. ‘கணக்கு’ என்று ஃபோல்டர் தொடங்கினால் உருவாவது இன்னொரு விவரக் கோப்புதான். அதற்குள் நோட்டை நகர்த்தினால், நோட்டின் விவரக் கோப்பில் தாய் எண் மட்டும் மாறும். குப்பைத் தொட்டியும் அப்படியே: தாயின் பெயர் குப்பை என்று மாறும், அவ்வளவுதான்.

பக்கம் ஒவ்வொன்றும் தனிக் கோப்பு. அதில் படம் இல்லை, கோடுகள் மட்டுமே. கோட்டின் ஒவ்வொரு புள்ளிக்கும் இடம், வேகம், திசை, அகலம், அழுத்தம் பதிவாகும். முன்பு ஒரு புள்ளிக்கு 24 பைட் பிடித்தது. ஆறாம் பதிப்புக் கோப்பு வடிவில் 14 பைட்.

பலகையும் சர்வரும் ஒத்திசையும் விதம், நிரலாளர்கள் கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருள் தெரிந்தவர்களுக்குப் பழகியதுதான். ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 கைரேகை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்) எடுத்து, அந்தக் கைரேகையின் பெயரிலேயே சர்வரில் வைக்கிறார்கள். ஒரு நோட்டின் கைரேகைகளைச் சேர்த்து ஒரு பட்டியல், எல்லா நோட்டுப் பட்டியல்களையும் சேர்த்து ஒரு மூலப் பட்டியல். ஒரு பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தாலும் பக்கத்தின் கைரேகை மாறி, நோட்டுப் பட்டியல் மாறி, மூலம் வரை மாறும். ஆனால் சர்வருக்கு ஏறுவது மாறிய கோப்புகள் மட்டும்தான். மூலப் பட்டியலுக்கு, மாறும்போதெல்லாம் கூடும் ஒரு தலைமுறை எண்ணும் உண்டு. பலகை தன்னிடம் 41 என்று நினைத்து அனுப்பும்போது சர்வரில் 42 இருந்தால், சர்வர் ஏற்காது. பலகை புதியதை இறக்கி, கலந்து, மறுபடி அனுப்ப வேண்டும். ஆக கிளவுட் என்பது கைரேகைப் பெயரிட்ட கோப்புகளின் அடுக்கு. அதனால்தான் அதைச் சின்னக் கணினியிலும் ஓட்ட முடிகிறது.

சர்வர் பக்கம், மென்பொருளைக் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரில் ஏற்றுவது எளிது. அது இணைப்புகளை ஏற்கும் இயல்பு போர்ட் (வாசல் எண்) 3000. தடுமாற வைப்பவை மூன்று அமைப்புகள். பலகைக்குத் தரும் டோக்கனில் (அனுமதிச் சீட்டில்) கையெழுத்திடும் ரகசியச் சாவியை நாம் தராவிட்டால், ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் புதுச் சாவி உருவாகும்; மின்சாரம் போய் வந்ததும் பலகை அந்நியமாகிவிடும். கோப்புகளை அனுப்ப வேண்டிய சேமிப்பு முகவரியாகப் பலகையால் எட்ட முடிந்த முகவரியையே தர வேண்டும். அது தவறினால் இணைப்பு நடந்தது போலிருக்கும், கோப்பு மட்டும் ஏறாது. தரவு ஃபோல்டரை கண்டெய்னருக்கு வெளியே வைக்காவிட்டால், கண்டெய்னரை அழிக்கும் நாளில் நோட்டுகளும் சேர்ந்து போகும். முதலில் உள்நுழைபவரே நிர்வாகி. எனவே இணையத்துக்குத் திறக்கும் முன் நீங்களே நுழைந்துவிடுங்கள்.

பலகைப் பக்கம்தான் நுட்பமான வேலை. நிறுவனத்தின் சர்வர் பெயர்களை, பெயருக்கு முகவரி சொல்லும் பலகையின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் 127.0.0.1 என்று, அதாவது பலகைக்கே, திருப்ப வேண்டும். அங்கே ஒரு ப்ராக்ஸியை (இடைத்தரகு மென்பொருளை) ஓட வைத்தால், அது நம் சர்வருக்குக் கைமாற்றும். இணைப்பு சான்றிதழ் கேட்கும் எச்டிடிபிஎஸ் வகை என்பதால் நாமே உருவாக்கிய சான்றிதழைப் பலகை நம்பும்படி நிறுவ வேண்டும். இதையெல்லாம் ப்ராக்ஸியை நிறுவும் ஸ்கிரிப்டே (கட்டளைக் கோப்பே) செய்துவிடும்.

அந்த ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் இன்னொன்றும் செய்கிறது. கையால் நிறுவுவோர் மறப்பது அதைத்தான். விவரக் கோப்புகளில் ‘ஏற்கெனவே ஒத்திசைந்தது’ என்ற குறி இருக்கும். புது சர்வரோ காலி. ஒத்திசைந்த நோட்டு சர்வரில் இல்லையென்றால், வேறெங்கோ நீங்கள் அதை அழித்துவிட்டீர்கள் என்று பலகை முடிவு செய்து, தன்னிடம் உள்ளதையும் அழிக்கும். ஆகவே குறிகளை ‘இல்லை’ என்று மாற்றிய பிறகே வைஃபையைத் திறக்க வேண்டும். அதற்கும் முன்னால் நோட்டுக் குவியல் முழுவதையும் கணினிக்கு நகலெடுங்கள்.

கையெழுத்தை அச்செழுத்தாக்கும் வசதி இதில் தானாக வராது. அது மைஸ்கிரிப்ட் என்ற வணிகச் சேவை. தனிச் சாவி வாங்கி அமைக்க வேண்டும்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் செய்ய வேண்டியது, தானியங்கி அப்டேட்டை நிறுத்துவது. பலகையின் நினைவகத்தில் இரண்டு சிஸ்டம் பகுதிகள் உண்டு; ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். அப்டேட் சும்மா இருக்கும் பகுதியில் ஏறி, அங்கிருந்து பலகை துவங்கும். ஹோஸ்ட்ஸ் மாற்றமும் சான்றிதழும் பழைய பகுதியிலேயே தங்கிவிடும். நோட்டுகள் இருக்கும் ஹோம் பகுதி இரண்டுக்கும் பொதுவானது என்பதால் நோட்டுகளுக்கு ஒன்றும் ஆகாது. ப்ராக்ஸி நிறுவும் கோப்பையும் அங்கேயே போட்டு வைத்தால், அப்டேட் முடிந்ததும் கேபிளைச் செருகி மறுபடி ஓட்டிக்கொள்ளலாம்.