சுருட்டைவிரியன்: சொல் விளக்கம்

சுருட்டைவிரியன் பாம்பை அண்மைக் காலமாக 'ரம்பச் செதில் விரியன்' என்று எழுதுகிறார்கள். ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது அது. இந்தப் பாம்புக்குச் சுருட்டை என்ற நல்ல தமிழ்ப்பெயர் இருக்கும்போது அது எதற்கு?

சுருள், சுருட்டு, சுருட்டை எல்லாம் ஒரே வேர். தலைமுடிக்கும் பாம்புக்கும் அதே சொல். சீண்டினால் சுருட்டை உடலை அரைவட்ட மடிப்புகளாகச் சுருட்டி, நடுவில் தலையைத் தூக்கி வைத்துக்கொள்ளும். மடிப்புகள் எதிரெதிராக நகர்ந்து உரசும். விலாச் செதில்கள் சாய்வாக அடுக்கியவை. ஒவ்வொன்றின் நடுவிலும் ஓடும் மேடான வரம்பில் நுண்ணிய பற்கள். அவை உராயும்போது, காய்ந்த தோசைக்கல்லில் நீர் தெளித்தாற்போல் ஓசை எழும். கண்ணாடிவிரியன் மூச்சால் சீறும், இது செதிலால். செதிலைச் சொல்லித்தான் ஆகவேண்டுமென்றால், ரம்பத்தைவிட அரம் பொருந்தும்.

அறிவியல் பெயர் எக்கிஸ் காரினேட்டஸ். எக்கிஸ் கிரேக்கத்தில் விரியன். காரினா லத்தீனில் கப்பலின் அடிமரம், இங்கே செதிலின் வரம்பு. 1801இல் ஜெர்மானிய அறிஞர் ஷ்னைடர் இந்த இனத்தை விவரித்தபோது ஆதாரமாகக் கொண்டது, இந்தியப் பாம்புகளை ஆராய்ந்த ஸ்காட்லாந்து மருத்துவர் பாட்ரிக் ரஸ்ஸல் 1796இல் வெளியிட்ட படம். அந்தப் பாம்பு ஆரணியைச் சேர்ந்தது. ரஸ்ஸல் குறித்துக்கொண்ட, பாம்பின் உள்ளூர்ப் பெயர் 'ஹொரட்டா பாம்'. 'சுருட்டைப் பாம்பு' என்று காதில் விழுந்ததுதான் அப்படித் திரிந்திருக்க வேண்டும். சிங்களத்தில் இது வெலி பொலங்கா, மணல் விரியன்.

'விரியன்' என்ற சொல்லை மட்டும் நம்பி வகை பிரிக்கக்கூடாது: கட்டுவிரியன் நாகப்பாம்பின் குடும்பம்.

பெரும்பாலும் 30 முதல் 60 செ.மீ. நீளம். புதர்க்காடு, சரளை மேடு, மணல் தரிசு, கற்களுக்கு அடி இதன் இடம். மழையில் தரை நனைந்தால் முட்செடிகளில் ஏறிக்கொள்ளும். அப்போது காலைப் பார்த்து நடந்தால் போதாது. கை வைக்கும் இடத்தையும் பார்க்கவேண்டும். பூனைப்பாம்பை இதென்று நினைத்து அடிப்பவர்கள் உண்டு. பூனைப்பாம்பின் தலையில் அகலமான செதில்கள். சுருட்டையின் தலையில் பொடிச் செதில்கள், மேலே அம்புமுனை போன்ற வெளிர் குறி.

இதன் நஞ்சிலுள்ள ஒரு நொதிக்கு எக்கரின் என்று பெயர். எக்கிஸ், காரினேட்டஸ் இரண்டையும் ஒட்டிய சொல். அது இரத்தம் உறைவதை முடுக்கி, உறையவைக்கும் பொருளையெல்லாம் தீர்த்துவிடும். பிறகு இரத்தம் உறையாது. மருத்துவமனையில் 2 மி.லி. இரத்தத்தைப் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பது இதற்காகத்தான். சோப்பு போட்டுக் கழுவிய குழாயிலும் பிளாஸ்டிக் குழாயிலும், கடிபடாதவர் இரத்தமே உறையாமல் நின்றுவிடலாம்.