எடிஷன் மாறினாலும் கை ஏன் மாற மாட்டேன் என்கிறது?

கோவை பீளமேட்டில் ஒரு நண்பன் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறு சாயங்காலம் ஐந்து பேர் கூடி டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஒருவர் கதையை நடத்துவார், அவர்தான் டிஎம். மற்ற நாலு பேரும் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்லி, இருபது முகப் பகடையை உருட்டி, அது பலித்ததா இல்லையா என்று பார்ப்போம். 2024இல் திருத்திய விதிநூல் வந்தது. அதை மேசைக்குக் கொண்டுவந்த பிறகு மூன்று வாரம் கதை ஒரு அடி நகரவில்லை, முழுக்க விதிச் சண்டைதான்.

ஆனால் எல்லா மாற்றத்துக்கும் சண்டை வரவில்லை, அதுதான் என்னை யோசிக்க வைத்தது. காயம் ஆற்றும் மருந்தைக் குடிக்க முந்தைய 2014 விதிப்படி ஒரு முறைக்குரிய முக்கியச் செயலையே செலவழிக்க வேண்டும்; புது விதியில் அது கூடுதல் செயலாகிவிட்டது, குடித்துவிட்டு வாளும் வீசலாம். இதற்கு யாரும் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் நாங்கள் பல வருடமாக அப்படித்தான் ஆடிவந்தோம். பதுங்கியிருந்து தாக்கும் விதியில்தான் மேசை இரண்டாகப் பிளந்தது. முன்பெல்லாம் எதிர்பாராமல் தாக்கப்பட்டவர் முதல் முறையில் நகரவும் முடியாது, எதுவும் செய்யவும் முடியாது. இப்போது யார் முந்துவது என்று பார்க்கும்போது அவர் இரண்டு பகடை உருட்டிச் சிறிய எண்ணை வைத்துக்கொண்டால் போதும். ஒரு பகடைக்குச் சராசரி 10.5 என்றால், இரண்டில் சிறியதை எடுக்கும்போது அது 7.2க்குக் கிட்டே இறங்கும். பெரும்பாலும் பிந்துவார், ஆனால் முறையை இழக்க மாட்டார். பதுங்கித் தாக்குவதையே நம்பி ஒரு திருடன் பாத்திரத்தை வளர்த்த நண்பனுக்கு இது கையில் இருந்ததைப் பிடுங்கியது போல இருந்தது. அதே புத்தகம் அவன் பாத்திரத்துக்கு வேறு திறமைகள் கொடுத்திருந்தது, அதை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இது பிடிவாதம் இல்லை, மனம் கணக்குப் போடும் விதமே அப்படி. ஒன்றைப் பெறுவதைவிட அதே அளவு ஒன்றை இழப்பது அதிகம் வலிக்கும் என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதினார்கள். பிறகு கானமன், வேறு இருவரோடு சேர்ந்து, சிலருக்குக் காபிக் கோப்பையைக் கொடுத்துவிட்டு விலை கேட்டுப் பார்த்தார். கோப்பையை வைத்திருந்தவர்கள் சொன்ன விலை, வாங்க நினைத்தவர்கள் சொன்னதைப் போல இரண்டு மடங்கு அளவுக்கு இருந்தது. ஒரு கோப்பைக்கே இப்படி என்றால், ஆறு வருடம் ஊட்டி வளர்த்த பாத்திரத்துக்கு எப்படி இருக்கும்?

சரி, எதையும் இழக்காத மாற்றத்துக்கும் ஏன் தடுமாறுகிறோம்? எங்கள் டிஎம் அண்ணன் கல்லூரி விடுதியில் ஜெராக்ஸ் தாள்களை வைத்து இரண்டாம் எடிஷன் கற்றவர், 1989இல் வந்தது அது. அதில் கவச எண் குறையக் குறையத்தான் கவசம் உறுதி. தாக்குபவரின் திறனைக் காட்டும் தாக்கோ என்ற எண்ணிலிருந்து எதிரியின் கவச எண்ணைக் கழித்தால் பகடையில் எவ்வளவு விழ வேண்டும் என்று தெரியும். தாக்கோ 20, கவசம் 5, ஆகவே 15 வேண்டும். 2000இல் வந்த மூன்றாம் எடிஷன் இதைத் தலைகீழாக்கி, கவச எண் கூடக்கூட உறுதி என்றது. அதே கவசம் இப்போது 15, உருட்டியதோடு தாக்குதல் எண்ணைக் (தாக்கோ 20க்கு அது 0) கூட்டி 15ஐத் தொட்டால் போதும். இரண்டிலும் அடி விழும் வாய்ப்பு 30 சதவீதம்தான், துளிகூட மாறவில்லை. இருந்தும் அண்ணன் இன்று வரைக்கும் கவச எண் குறைந்த எதிரியைப் பார்த்தால் ஒரு நொடி பயப்படுவார்.

என் மாமா பழைய புல்லட் ஓட்டியவர், அதில் வலது காலில் கியர், இடது காலில் பிரேக். புது வண்டியில் இரண்டும் இடம் மாறியிருக்க, அவிநாசி ரோட்டில் நாய் குறுக்கே வந்தபோது இடது காலை அழுத்திவிட்டார், அழுந்தியது கியர். ஒரே சூழ்நிலை, இரண்டு பதில். அவசரத்தில் நெடுநாள் பழகிய பதில்தான் முந்தும். இதைத்தான் பழைய கற்றலின் குறுக்கீடு என்கிறார்கள், இரண்டும் ஒத்திருக்க ஒத்திருக்கக் குறுக்கீடும் கூடும். நூறு வரை எண்ணும் பகடையில் ஓடுகிற கால் ஆஃப் கதுல்ஹுவை அண்ணன் சிக்கலில்லாமல் கற்றுக்கொண்டார், ஏனென்றால் அது முற்றிலும் வேறு ஆட்டம்.

அப்புறம் இன்னொன்று, என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். விதி புத்தகத்தில் மட்டும் இல்லை, மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களிடமும் இருக்கிறது. ஐந்தில் ஒருவர் மட்டும் புது எடிஷனுக்குப் போக முடியாது. 2008இல் நான்காம் எடிஷன் வந்தபோது மேசை மேசையாகப் பலர் நகர மறுத்தார்கள். அடுத்த வருடமே பைசோ நிறுவனம் மூன்றாம் எடிஷனின் திருத்தமான பழைய 3.5 விதிகளை ஒட்டிப் பாத்ஃபைண்டர் என்ற ஆட்டத்தை வெளியிட்டது, அவர்களில் பலர் கூட்டத்தோடு அங்கே போனார்கள்.

கோபிச்செட்டிபாளையத்தில் எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுத் திண்ணையில் இதைச் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். இரண்டு பித்தளைத் தாயக்கட்டை, ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3. விழக்கூடிய 16 வகையில் இரண்டுதான் தாயம், அதாவது எட்டில் ஒன்று. இது எந்த ஊரிலும் மாறாது. ஆனால் ஒரு காயையாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குப் போகலாம் என்பது அமுச்சி வீட்டு விதி. உடுமலையிலிருந்து வந்த சித்தி வீட்டில் அப்படி எதுவும் இல்லை, அதனால் அவர்கள் பிள்ளைகள் அழாத குறை. அமுச்சி கட்டையை உருட்டிக்கொண்டே சொன்னார்: "இங்க எங்கூட்டு ஆட்டம் கண்ணு. உங்கூட்டுக்கு வந்தா நானும் உங்காட்டம் ஆடறேன்."

போன வாரம் மொட்டைமாடியில் அதேபோல ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். மருந்து, மந்திரம் எல்லாம் புது விதி, பதுங்கித் தாக்குவது மட்டும் இந்தக் கதை முடியும்வரை பழைய விதி. கவச எண்ணை அண்ணனுக்காகச் சிவப்பு மையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம்.