கன்ட்ரி இசை நாட்டுப்புற இசை அல்ல

ஜானி கேஷைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர்" என்றுதான் தொடங்குகிறார்கள். அண்மையில் ஒரு கட்டுரை இன்னும் ஒரு படி மேலே போய் "நாட்டுப்புற பக்திப் பாடகர்" என்று போட்டிருந்தது. கேஷ் பாடியவை கன்ட்ரி என்ற அமெரிக்க இசை வகையும், காஸ்பல் என்ற கிறிஸ்தவப் பாடல்களும். முன்னதை நாட்டுப்புறம் என்றும் பின்னதைப் பக்தி என்றும் பெயர்த்துவிடுகிறார்கள். இதை இனியும் சும்மா விட மனமில்லை.

கன்ட்ரி என்ற சொல்லின் வேர் 'எதிரே' என்று பொருள்படும் லத்தீன் கான்ட்ரா. கண்ணெதிரே விரிந்து கிடக்கும் நிலம் என்ற பொருளோடு பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நாடு, நகரத்துக்கு வெளியே உள்ள பகுதி என்பவை அப்புறம் வந்த பொருள்கள்.

இந்தக் கடைசிப் பொருளைப் பிடித்துக்கொண்டுதான் நாட்டுப்புறம் என்கிறார்கள். அகராதிப்படி சரி. ஆனால் நாட்டுப்புறப் பாடல் என்பது தமிழில் ஏற்கெனவே நிலைத்துவிட்ட கலைச்சொல். தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு. யார் கட்டியது என்று தெரியாது. பாடுகிறவர் ஓர் அடியைக் கூட்டுவார், குறைப்பார். உரிமை கேட்டு யாரும் வரமாட்டார்கள். கேஷின் கதை அப்படியா? ஜெர்மனியில் அமெரிக்க விமானப்படையில் இருந்தபோது அவர் எழுதிய 'ஃபோல்சம் பிரிசன் ப்ளூஸ்' பாட்டுக்கு மெட்டும் பல வரிகளும் இசையமைப்பாளர் கார்டன் ஜென்கின்ஸின் 'கிரெசன்ட் சிட்டி ப்ளூஸ்' பாட்டிலிருந்து வந்தவை. நாட்டுப்புற மரபில் அது இயல்பான காரியம். இங்கேயோ 1970களில் சுமார் 75,000 டாலர் கொடுத்துத்தான் விவகாரம் தீர்ந்தது.

1944இல் அமெரிக்க இசை இதழான பில்போர்டே கன்ட்ரி பாட்டுகளை ஃபோக், அதாவது நாட்டுப்புறம், என்றுதானே பட்டியலிட்டது என்பார்கள். உண்மைதான். 1949இல் அதே இதழ் அந்தப் பெயரை எடுத்துவிட்டு கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன் என்று வைத்தது. அவர்களே கழற்றிப் போட்டதை நாம் ஏன் மாட்டிவிட வேண்டும்? ஃபோக் பாடகர் பீட் சீகரை அப்புறம் என்னவென்று அழைப்பது? சிலர் எழுதும் "நாட்டு இசை" இன்னும் மோசம். நாட்டுக்கோழி, நாட்டுச்சர்க்கரை என்று பழகிய காதில் அது நம் ஊர்ச் சரக்காகத்தான் விழும்.

காஸ்பலுக்கு இந்தத் தொல்லையே இல்லை. பழைய ஆங்கிலத்தில் கோட் என்றால் நல்ல, ஸ்பெல் என்றால் செய்தி. நற்செய்தி என்பது அப்படியே பொருந்துகிறது. பக்திப் பாடல் என்றால் கிறிஸ்தவம் காணாமல் போய்விடும். கேஷ் மெம்ஃபிஸில் சன் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்கு முதலில் கொண்டுபோனதே நற்செய்திப் பாடல்கள்தான். விற்காது என்று அதன் உரிமையாளர் சாம் பிலிப்ஸ் மறுத்துவிட்டார். 1958இல் கேஷ் கொலம்பியா ரெக்கார்ட்ஸுக்கு மாறியதற்கு, அங்கே அவற்றைப் பதிவு செய்யலாம் என்பதும் ஒரு காரணம். அடுத்த ஆண்டே அவருடைய நற்செய்திப் பாடல் தொகுப்பு வெளிவந்தது.

ஜாஸ், ப்ளூஸ், ராக் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டோம். கன்ட்ரியும் அப்படியே இருக்கட்டும். தனித்தமிழ் விரும்புகிறவர்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு. அவர்கள் வேறொரு கலையின் பெயரைப் பறிக்காத புதுச்சொல் ஒன்றைத் தந்தால் நானும் எழுதுவேன். அதுவரை கேஷ் கன்ட்ரி பாடகர், நற்செய்திப் பாடகர். "பாடகர்-பாடலாசிரியர்" என்று கோடு போட்டு ஒட்டுகிறார்களே, அதுவும் வேண்டாம். தானே எழுதிப் பாடியவர் என்றாலே போதும்.