அசோகா இல்லை, நெட்டிலிங்கம்

பள்ளிக்கூட வாசலிலும் கல்யாண மண்டபத்து மதிலோரத்திலும் கிளைகளை உடம்போடு ஒட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, தூண் மாதிரி வரிசையாக நிற்குமே, அந்த மரம். நர்சரியில் ‘அசோகா’ என்று சொல்லித்தான் விற்பார்கள். தமிழில் அதற்கு நெட்டிலிங்கம் என்று பெயர்.

நெட்டு என்றால் நீளம். நெட்டை, நெட்டுயிர்ப்பு எல்லாம் இதன் உறவுதான். தாவரவியல் பெயரான பாலியால்தியா லாங்கிஃபோலியாவில் பின்பாதிக்கு ‘நீண்ட இலை’ என்று பொருள். நாம் மரத்தின் நீளத்தைப் பார்த்தோம், அவர்கள் இலையின் நீளத்தைப் பார்த்திருக்கிறார்கள். இப்போது இதை மோனூன் என்ற பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். சீத்தாப்பழக் குடும்பம், தென்னிந்தியாவும் இலங்கையும் தாயகம்.

சரி, அசல் அசோகம் எது? அது அவரைக் குடும்பத்து மரம். ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். அ+சோகம், துயரமில்லாதது என்பது வடமொழிப் பொருள். தமிழில் பிண்டி, செயலை. திருமுருகாற்றுப்படையில் பெண்கள் காதில் செருகிக்கொள்வது பிண்டித் தளிர். சமணரின் அருகன் வீற்றிருப்பதும் பிண்டி நிழலில். சீதை சிறையிருந்த வனமும் இந்த மரத்தின் பெயரில்தான். நம் தெருவின் தொங்கு நெட்டிலிங்கத்தடியில் அவள் உட்கார்ந்திருந்தால் வெயிலில் வாடியிருப்பாள்!

அதற்காக நெட்டிலிங்கம் மட்டமில்லை. நேராக வளர்ந்து, இலேசாக, வளைந்து கொடுக்கும் மரம் என்பதால் ஒரு காலத்தில் கப்பல்களுக்குப் பாய்மரமானது. ஆண்டு முழுக்கப் பச்சை. தளிர் மட்டும் செம்புநிறம். அலையலையான விளிம்புள்ள இலை, விழாக்களில் தோரணமாகும். வெளிர்பச்சை நட்சத்திரப் பூவை யாரும் கவனிப்பதில்லை. பழத்தைக் குயிலும் வௌவாலும் விடுவதில்லை. காலையில் மரத்தடி முழுக்கக் கொட்டை கிடக்கும்.

பெயர் மாறினால் என்ன என்று கேட்கலாம். சித்த, ஆயுர்வேத மருந்துக்கு வேண்டியது பிண்டியின் பட்டை. அது அரிதாகிவிட்டதால் நெட்டிலிங்கப் பட்டையை அதில் கலந்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் ‘அசோகப் பட்டை’ என்றே பெயர் இருந்தால் ஏமாற்றுவது சுலபம். பட்டையைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். மரமாக நிற்கும்போது தெரிந்துவிடும். நெட்டிலிங்கத்தில் இலை தனித்தனியாக இருக்கும். பிண்டியில் ஒரே காம்பில் ஜோடி ஜோடியாகச் சிற்றிலைகள். தட்டையாகத் தொங்கும் பிண்டிக் காயையும் பார்த்துவிட்டால் அப்புறம் சந்தேகமே வராது.